கரியமில வாயுவைப் பிடிக்கும் கரைப்பான்களும் மாற்று வழிகளும்

மலர்க் குழுவினர் வழக்கமாக என்னிடம் கல்வெட்டு, ஏட்டுச் சுவடி, பழைய நிகண்டு என்று ஏதாவது எழுதித் தரச் சொல்வார்கள். இந்த முறை தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் இரண்டு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பை வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக மஸ்ஜித் பந்தர் பகுதியில் ரசாயன வியாபாரம் செய்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் சரக்குகளில் சில என் கோடவுன் வழியாகப் போனவை. இன்னொரு காரணம், நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அனல்மின் நிலையத்திலும் சிமென்ட், உர ஆலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். "புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துவிடலாம், இனி நிலக்கரிக்குக் கவலையில்லை" என்று ஒரு நாள் பத்திரிகையில் வருகிறது. மறுநாள் "அதெல்லாம் கண்துடைப்பு" என்று வேறொருவர் எழுதுகிறார். எதை நம்புவது என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள்.

நான் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. மட்டுமே. சரக்கோடு வரும் விவரத்தாள்களைப் புரிந்துகொள்ள வேண்டி ரசாயனம் படிக்க ஆரம்பித்தவன். ஆகவே இதை விஞ்ஞானி போல் எழுதவில்லை. எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, முதல் திரும்பி வந்ததா என்று வியாபாரி கணக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன்.

புகையில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு கேள்வி எழும். புகை முழுவதையும் அப்படியே குழாயில் பிடித்துப் பூமிக்குள் அனுப்பினால் என்ன? முடியாது. நிலக்கரிப் புகையில் முக்கால் பங்கு வெறும் நைட்ரஜன். காற்றிலிருந்து வந்து காற்றுக்கே திரும்புகிற சாது. கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்தான். மீதி நீராவியும் கொஞ்சம் ஆக்சிஜனும். கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் பறக்கும் சாம்பலும் சிறு அளவில் உண்டு. இத்தனையையும் சேர்த்து அழுத்திப் புதைப்பது, அரிசி வாங்கப் போய் உமியையும் தவிட்டையும் வண்டி வாடகை கொடுத்து ஏற்றி வருவதற்குச் சமம். முதலில் பிரிக்க வேணும்.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 500 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்று நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 10,000 டன் கரியமில வாயுவை வெளியே விடும். இது ஒரே ஒரு யூனிட்டின் ஒரு நாள் கணக்கு.

எரிவாயு மின் நிலையத்தின் புகையில் கரியமில வாயு இன்னும் குறைவு, 3 முதல் 4 சதவீதம். சிமென்ட் ஆலைப் புகையில் அதிகம். ஏன்னா, அங்கே எரிபொருளிலிருந்து மட்டும் அது வருவதில்லை. சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். அடுப்புக்கு எந்த எரிபொருள் போட்டாலும், சூரிய ஒளியிலேயே சுட்டாலும், இந்த 44 கிலோ வந்தே தீரும். இதைக் கட்டுரையின் கடைசியில் மறுபடி எடுத்துக்கொள்வோம்.

நம் வீட்டிலேயே இருக்கும் மூன்று பிடிகள்

கரியமில வாயுவைப் பிடிப்பது ஒன்றும் புதுமையில்லை. நமக்குத் தெரிந்த மூன்று பொருள்களிலேயே மூன்று வகைப் பிடி இருக்கிறது.

கோலி சோடாவில் இருப்பது தளர்ந்த பிடி. அழுத்தம் இருக்கிற வரையில் வாயு தண்ணீரில் கரைந்திருக்கும். கோலியை உள்ளே தள்ளினதும் 'புஸ்' என்று கிளம்பிவிடும். விடுவிக்கச் செலவே இல்லை. ஆனால் பிடிக்க அழுத்தம் வேணும்.

ஆப்ப சோடாவில் இருப்பது நடுத்தரப் பிடி. அது கரியமில வாயுவைத் தன்னோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் உப்பு. புளித்த மாவோடு சேர்ந்தாலோ சூடு ஏறினாலோ வாயுவை விட்டுவிடும். ஆப்பத்தின் ஓட்டைகள் அப்படி வந்தவைதான்.

சுண்ணாம்பில் இருப்பது இறுகிய பிடி. ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாகக் கெட்டியாவது எதனால்? ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஒரு காசு செலவில்லாமல் பிடித்துவிட்டது. ஆனால் அதை விடுவிக்க வேண்டுமானால் காளவாயில் போட்டு 900 டிகிரிக்குச் சுட வேண்டும்.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. ஆலையில் ஒரு கரைப்பான் பிடித்த வாயுவை விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வர வேண்டும். லட்சக்கணக்கான தடவை இப்படிச் சுற்ற வேண்டும். ஆகவே பிடிக்குமா என்பதைவிட, எவ்வளவு செலவில் விடும் என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியக் கேள்வி. உலகத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே.

அமீன் என்னும் பழைய ஆள்

நடுத்தரப் பிடி உடையவை அமீன்கள். அம்மோனியாவின் உறவுக்காரர்கள். 1930-இல் அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் அமீன் கரைசலால் வாயுவைக் கழுவும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை வாயுவோடு கலந்திருக்கும் கரியமில வாயுவையும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்க இது பயன்பட்டது. அன்றிலிருந்து எண்ணெய், எரிவாயு ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் முறைதான் இப்போது புகைபோக்கிக்கு வந்திருக்கிறது.

இதில் அதிகம் பேசப்படுவது மோனோ எத்தனாலமீன். சோப்பு, சாயம், உலோகம் கடைவதற்கான எண்ணெய் என்று பல தொழில்களுக்கு டிரம் டிரம்மாகப் போகும் சரக்கு. அம்மோனியா வாசனை அடிக்கும். கையில் பட்டால் எரியும். பித்தளை வால்வு போட்டால் அரித்துவிடும். டிரம்மை அரைகுறையாக மூடி வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தானாகவே இழுத்துக்கொண்டு சரக்கு தரம் இறங்கும். வியாபாரிக்குத் தொல்லையாக இருக்கிற அந்தக் குணமே ஆலைக்காரருக்கு வேண்டியதாக இருக்கிறது.

ஆலையில் இரண்டு கோபுரங்கள் இருக்கும். முதல் கோபுரத்தில் ஆற்றிய புகை கீழிருந்து மேலே போகும். மேலிருந்து அமீன் கரைசல் மழை போல் இறங்கும். 40 முதல் 60 டிகிரிக்குள் அமீன் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜன் மேலே போய்விடும். வாயுவைச் சுமந்த கரைசல் இரண்டாவது கோபுரத்துக்குப் போகும். அங்கே நீராவியால் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடி தளர்ந்து சுத்தமான கரியமில வாயு வெளியே வரும். கரைசலை ஆற்றி மறுபடி முதல் கோபுரத்துக்கு அனுப்புவார்கள். கடனாகப் போன முதல் வசூலாகி மறுபடி கடனுக்குப் போகிற மாதிரிதான் இந்தச் சுற்று.

நஷ்டம் எங்கே வருகிறது?

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் நாலு இடத்தில் கை சுடும்.

ஒன்று, ஆள் கணக்கு. மோனோ எத்தனாலமீனில் இரண்டு மூலக்கூறு சேர்ந்துதான் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கும். எடைக் கணக்கில் 44 கிலோ வாயுவுக்கு 122 கிலோ அமீன். நடைமுறையில் இதைவிடவும் அதிகம் சுற்ற வேண்டும்.

இரண்டு, வெப்பம். அமீனைத் தனியாக ஓட்ட முடியாது, இரும்பை அரிக்கும். வழக்கமாக 30 பங்கு அமீன், 70 பங்கு தண்ணீர். பிடியைத் தளர்த்துவதற்கு மட்டுமில்லாமல் இந்தத் தண்ணீரைச் சூடாக்கவும் நீராவி செலவாகும். ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் பிடிக்கும் என்பது பழைய முறையின் கணக்கு. அந்த வெப்பத்தில் 1,300 லிட்டர் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிடலாம். இந்த நீராவி எங்கிருந்து வருகிறது? டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியிலிருந்துதான். வாயுவை அழுத்தும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மின் உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு வரைகூட இழக்க நேரிடும்.

மூன்று, முதல் தேய்வது. புகையிலுள்ள ஆக்சிஜனும் சூடும் அமீனைச் சிதைக்கும். கந்தக டை ஆக்சைடு அமீனோடு சேர்ந்து திரும்பி விடுபடாத உப்பாகிவிடும். அதனால் அமீன் ஆலைக்கு முன்னால் கந்தகத்தைக் கழுவும் ஆலை கட்டாயம். ஒரு டன் வாயுவுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அமீன் வீணாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சின்னதாகத் தெரியலாம். நாளுக்கு 10,000 டன் என்றால் தினம் 15 முதல் 20 டன் சரக்கு. எனக்கு அது நல்ல வியாபாரம். நாட்டுக்கு?

நாலு, அக்கம்பக்கத்தார். அமீனில் கொஞ்சம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும். அது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தால் நைட்ரோசமீன் போன்றவை உண்டாகலாம். அவற்றில் பல புற்றுநோயோடு தொடர்புள்ளவை. நார்வே நாட்டில் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 2012-இல் மோங்ஸ்டாட் என்ற இடத்தில் திறந்த சோதனை நிலையத்தில் பலவகைக் கரைப்பான்களின் கசிவை அளந்து வருகிறார்கள். புகை வெளியேறும் முன் தண்ணீராலும் அமிலத்தாலும் கழுவினால் இதைப் பெருமளவு குறைக்கலாம். குறைக்கலாம் என்பது வேறு, குறைத்தார்களா என்பது வேறு. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய விஷயம் அது.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பவுண்டரி டாம் அனல்மின் நிலையத்தில் 2014 அக்டோபரில் அமீன் ஆலை ஓட ஆரம்பித்தது. பெரிய அளவில் நிலக்கரி மின் நிலையத்தோடு இணைந்த முதல் ஆலை அது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று திட்டம். பறக்கும் சாம்பலும் அமீன் சிதைவும் சேர்ந்து படுத்தியதில் அந்த ஆண்டு அளவை எட்ட முடியவில்லை. ஆனால் மூடிவிடவுமில்லை, லட்சக்கணக்கான டன்களைப் பிடித்துத்தான் இருக்கிறது.

தேர்ந்த கரைப்பான்கள்

இந்தக் குறைகளைத் தீர்க்க வந்தவை பல.

முதலாவது, உருவம் மாற்றிய அமீன்கள். நைட்ரஜனுக்குப் பக்கத்தில் பருமனான கிளையை வைத்துவிட்டால் கரியமில வாயு நெருங்கி ஒட்ட முடியாது, தளர்வாகத்தான் நிற்கும். அப்போது ஒரு மூலக்கூறே ஒரு வாயு மூலக்கூறைச் சமாளிக்கும், விடுவதும் சுலபம். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இந்த வழியில் செய்த கரைப்பான்தான் அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா ஆலையில் 2017 தொடக்கத்திலிருந்து ஓடியது. பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி எண்ணெய் எடுத்தார்கள். 2020-இல் எண்ணெய் விலை விழுந்ததும் ஆலை நின்றது. 2023 செப்டம்பரில் மறுபடி ஓடியது. கரைப்பான் நன்றாக வேலை செய்தாலும், வாங்குகிறவன் இல்லாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இரண்டாவது, கலவைகள். மெதுவாகப் பிடித்துச் சுலபமாக விடும் அமீனோடு, வேகமாகப் பிடிக்கும் பைப்பரசீனைச் சேர்ப்பார்கள். இவற்றால் வெப்பச் செலவு ஒரு டன்னுக்கு 2.5 கிகாஜூல் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பழைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மூன்றாவது, பொட்டாசியம் கார்பனேட். ஆப்ப சோடாவின் சகோதரன் என்று சொல்லலாம். விலை மலிவு, காற்றில் பறக்காது, ஆக்சிஜனால் கெடாது. 1950-களில் அமெரிக்காவில் பென்சன், ஃபீல்ட் என்ற இருவர் வளர்த்த முறைக்கு அவர்கள் பேரைச் சேர்த்துப் பென்ஃபீல்ட் என்றே பெயர். உர ஆலைகளில் நெடுநாளாக உண்டு. குறை என்னவென்றால் பிடிப்பது மெதுவாக. வேகப்படுத்த நம் உடம்பிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருப்பதால்தான் கரியமில வாயுவை ரத்தம் சட்டென்று ஏற்றி நுரையீரலில் சட்டென்று இறக்குகிறது. அந்த நொதியைக் கார்பனேட் கரைசலில் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள்.

நான்காவது, கோலி சோடா வகை. குளிர்ந்த மெத்தனால் போன்றவை அழுத்தத்தில் வாயுவைக் கரைத்துக்கொண்டு, அழுத்தம் குறைந்ததும் விடும். நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக மாற்றும் ஆலைகளில் அழுத்தம் ஏற்கெனவே இருப்பதால் அங்கே இது சிறப்பு. சாதாரணப் புகைபோக்கியில் அழுத்தம் கிடையாது, அங்கே இது எடுபடாது.

கரைப்பான் இல்லாத வழிகள்

தண்ணீரைச் சூடாக்குவதுதானே பெரிய செலவு, தண்ணீரே இல்லாவிட்டால்? இந்தக் கேள்வியில் பிறந்தவை திடப்பொருள் உறிஞ்சிகள். ஜியோலைட், அமீன் பூசிய துகள்கள், உலோகமும் கரிமப் பொருளும் சேர்ந்த நுண்துளைப் படிகங்கள் என்று பல. கடைசியாகச் சொன்ன படிகங்களை உருவாக்கியதற்குத்தான் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சிட்டிகைப் பொடிக்குள் விளையாட்டு மைதானம் அளவுக்குப் பரப்பு ஒளிந்திருக்கும். சிக்கல் எங்கே என்றால், புகையில் ஈரம் இருக்கிறது. பல உறிஞ்சிகள் கரியமில வாயுவை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தைத் தாங்குகிற, டன் கணக்கில் மலிவாகச் செய்யக்கூடிய பொடிக்குத்தான் போட்டி.

சவ்வு முறை இன்னொன்று. சல்லடை மாதிரி கரியமில வாயுவை வேகமாக உள்ளே விடும் மெல்லிய படலம். ரசாயனமே வேண்டாம். ஆனால் தள்ளுவதற்கு அழுத்தம் வேண்டும். அதனால் எரிவாயுக் கிணறுகளில் நன்றாக ஓடுகிறது, புகைபோக்கியில் திணறுகிறது.

சுண்ணாம்பையே சுற்றி ஓட்டும் முறையும் உண்டு. அதிக வெப்பத்தில் நடப்பதால் அந்த வெப்பத்தைத் திரும்ப எடுத்து மின்சாரம் செய்யலாம். சிமென்ட் ஆலைக்குப் பொருத்தம். எரிப்பதற்குக் காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜன் விட்டால் புகையில் நைட்ரஜனே இருக்காது, பிரிக்கும் வேலையே மிச்சம். ஆனால் ஆக்சிஜனைக் காற்றிலிருந்து பிரிக்க மின்சாரம் செலவாகும். செலவு ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாறுகிறது.

நேரே காற்றிலிருந்தே பிடிக்கும் ஆலைகளும் வந்துவிட்டன. ஐஸ்லாந்தில் 2021-இல் ஒன்று, 2024-இல் அதைவிடப் பெரிதாக ஒன்று. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம் சொச்சம்தான். புகைபோக்கியில் இருப்பதைவிட சுமார் 300 மடங்கு நீர்த்த சரக்கு. செலவும் அதற்கேற்ப.

நம் நாட்டில்

நமக்குப் பெருமையான சேதி ஒன்று. 2016-இல் தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு, உர ஆலையில் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் அமீன் வகை ஆலை அமைந்தது. கரைப்பான் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்துடையது. அரசு மானியம் இல்லாமல் வந்தது என்று உலகமெங்கும் செய்தி ஆனது. மானியம் இல்லாமல் எப்படிக் கட்டுப்படியானது? அந்த ஆலைக்குச் சோடா உப்பு செய்யக் கரியமில வாயு மூலப்பொருள். வெளியே வாங்குவதைவிடத் தன் புகையிலிருந்து பிடிப்பது மலிவாக இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

2021 செப்டம்பரில் ஜாம்ஷெட்பூர் டாடா எஃகு ஆலையில் நாளுக்கு 5 டன் பிடிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. 2022-இல் மத்தியப் பிரதேசத்தில் என்.டி.பி.சி.யின் விந்தியாசல் நிலையத்தில் நாளுக்கு 20 டன் ஆலை. நல்ல தொடக்கங்கள். ஆனால் முன்னே சொன்ன 10,000 டன்னோடு வைத்துப் பாருங்கள். 20 டன் என்பது 500 மெகாவாட் யூனிட் ஒன்று மூன்று நிமிடத்தில் விடும் அளவு.

பிடித்ததை எங்கே வைப்பது?

பிடித்ததோடு கணக்கு முடியவில்லை. செம்பூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த டிராம்பே உர ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா செய்கிற எந்த ஆலையையும் போல, அம்மோனியா செய்யும்போது பிரியும் கரியமில வாயு அங்கும் யூரியாவுக்குள் போகிறது. ஒரு டன் யூரியாவில் 730 கிலோ கரியமில வாயு அடக்கம். ஆனால் வயலில் தூவியதும் அது மண்ணில் சிதைந்து மறுபடி காற்றுக்குப் போய்விடுகிறது. சோடா உப்பைக் கண்ணாடி உலையில் போட்டாலும் அப்படித்தான். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பது சேமிப்பு ஆகாது. புதிதாக நிலக்கரியோ வாயுவோ எரிக்காமல் தவிர்த்த அளவுதான் லாபம்.

உண்மையான சேமிப்பு என்றால் பூமிக்கடியில்தான். நார்வேயின் ஸ்லெய்ப்னர் வயலில் 1996 முதல் அமீனால் பிடித்த வாயுவைக் கடலுக்கடியில் உள்ள மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் தண்ணீரோடு செலுத்தியதில், பெரும்பகுதி இரண்டே வருஷத்தில் கல்லாகிவிட்டது என்று 2016-இல் அறிவித்தார்கள். மும்பையும் மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியும் அதே இனத்துப் பாறையான தக்காண எரிமலைப் படிவத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே அது எடுபடுமா என்று நம் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஐந்தொகை

இனி என் முடிவைச் சொல்கிறேன். மின்சாரம் செய்ய வேறு வழி உண்டு. சூரியனும் காற்றும் இருக்கும்போது, நாலில் ஒரு பங்கு மின்சாரத்தைப் பலி கொடுத்துப் பழைய நிலக்கரி யூனிட்டுகளுக்கு அமீன் கோபுரம் கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். சிமென்ட்டுக்கு வேறு வழி இல்லை. கல்லிலிருந்து வரும் அந்த 44 கிலோவை எந்தச் சூரிய ஒளியும் தடுக்காது. நார்வேயில் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் திறந்த அமீன் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அளவுடையது. அந்த ஆலையின் கழிவு வாயுவில் பாதி அது. ஆலையில் வீணாகும் சூட்டையே நீராவிக்குப் பயன்படுத்துகிறார்கள். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றது. கரைப்பானுக்கு உரிய இடம் இதுமாதிரி இடங்கள்தான் என்பது என் எண்ணம். 2070-க்குள் நிகரப் பூஜ்யம் என்று 2021-இல் நம் நாடு கிளாஸ்கோவில் சொல்லியிருக்கிறது. அதற்கான பணம் நம் பிள்ளைகளின் வரியிலிருந்தும் மின் கட்டணத்திலிருந்தும்தான் போகும். தப்பான இடத்தில் போட்டால் சரியான இடத்துக்கு மிஞ்சாது.

ஆகவே இனிமேல் இப்படிச் செய்தி படித்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். நாளுக்கு எத்தனை டன், அந்த ஆலை விடுவது எத்தனை டன்? விடுவிக்கும் சூடு எங்கிருந்து வருகிறது? கரைப்பான் எவ்வளவு வீணாகிறது, வீணானது எங்கே போகிறது? பிடித்த வாயு எத்தனை காலம் அடைபட்டிருக்கும்? பணம் யாருடையது? இந்த ஐந்துக்கும் நேரான பதில் இருந்தால் மனதாரப் பாராட்டலாம். இத்துறைக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் இந்தக் கேள்விகளோடு போகட்டும். இன்னும் விடை முழுசாகக் கிடைக்காத வேலை நிறைய பாக்கி இருக்கிறது.